கருப்பட்டி போட்ட ஆவாரம்பூ டீ

எங்கள் பெரியப்பாவுக்கு முதலில் கடல்மேல்தான் நம்பிக்கை இருந்தது. பிறகு அவர் கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. சரக்குக் கப்பலில் டெக் ஆட்களுக்குத் தலைவராக, போசனாக, பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மீதிப் பாதி உலகத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து முடிக்கிற முனைப்பில் இருந்தார். விடிந்ததும் எங்களுக்கெல்லாம் மாதா படம் போட்ட காலை வணக்கம் ஒன்று வரும். அதன் பின்னாலேயே ஒரு பூ வரும்.

செம்பருத்தி இதயத்துக்கு நல்லது. சங்குப்பூ ஞாபகசக்திக்கு. வேப்பம்பூ குடல் பூச்சிக்கு. முருங்கைப்பூ எதற்கு நல்லது என்று எனக்குத் தெரியாது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பெரியப்பா படிப்பதோடு நிற்கிற ஆள் இல்லை. உப்புத் தண்ணீரைத் தாக்குப்பிடித்து எங்கள் தெருப்பக்கம் பிழைத்திருந்த ஒரே செம்பருத்திச் செடி கன்னியர் மடத்து மதிலோரம் நின்றது. சிஸ்டர்களிடம் சொல்லிவைத்து, மாதா பீடத்துக்குப் போனது போக மிச்சத்தை வாங்கி வருவார். அம்மா அதை வெந்நீரில் போட்டால் நீர் சிவக்கும். சங்குப்பூ இன்னும் வேடிக்கை. மை கரைத்ததுபோல் நீலமாக நிற்கிற தண்ணீர், எலுமிச்சம்பழம் பிழிந்ததும் ஊதாவாகிவிடும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் அதைத்தான் குடித்தேன். கணக்கில் எப்போதும் வாங்குகிற மார்க்கையே வாங்கினேன். பெரியப்பா அசரவில்லை. குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்றார்.

நான் ஐந்தாவது படித்த அந்த வருஷம் அப்பா கப்பலிலிருந்து வந்திருந்தார். அவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் கரையில். அந்தத் தடவை அவர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, அப்போதுதான் ஓடப் பழகியிருந்த என் தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவனுக்கு அப்பா என்றால் செல்போனில் வருகிறவர். கையும் காலுமாக வாசலில் நின்ற ஆளை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், ஆனால் பெட்டியை உள்ளே எடுத்துவர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்பி பழகப் பல நாள் பிடித்தது. பழகிய பிறகு அப்பா காலைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடித்தான்.

அவன் பழகி முடிப்பதற்குள் பெரியப்பா அப்பாவுக்கு அடுத்த கப்பலைப் பிடித்துவிட்டார். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாவை வளர்த்து, படிக்கவைத்து, கப்பலில் ஏற்றிவிட்டு, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் பெரியப்பாதான். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. அவர் கோபக்காரர் என்பதால் அல்ல, நல்லவர் என்பதால்தான். கோபக்காரரிடமாவது ஒருநாள் சண்டை போட்டுவிடலாம். எந்நேரமும் நம் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் என்ன சொல்லித் தப்பிப்பது?

அப்பா ஒரு தடவை முயன்று பார்த்தார். துறைமுக வாசல் பக்கம் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்துகிற ஒருவர் தன்னைச் சமைக்கக் கூப்பிடுவதாக, மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னார். பெரியப்பா மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார்.

“ஏலே, கரையில ஏத்துன கப்பலுக்குத் துருதாம்லே பிடிக்கும்” என்றார்.

அப்பா அதற்குமேல் மெஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. அம்மா கேட்காமலேயே எல்லாருக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் மெடிக்கல் உண்டு. அதில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்திருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சராசரி என்று ஒன்று பார்ப்பார்களாம். அது இருக்கவேண்டிய அளவுக்கு மேலே இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இனிப்பை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெரியப்பா கம்பெனிக்காரர்களிடம் பேசி, அதுவரை இடத்தைப் பிடித்து வைத்துவிட்டார். எனக்கு இதெல்லாம் பரீட்சை என்பதாகத்தான் புரிந்தது. அப்பா பெயில். ஆனால் மறுபரீட்சை இருக்கிறது. எங்கள் வகுப்பில் பெயிலான பிள்ளைகளை நாங்கள் என்ன பாடு படுத்துவோம் என்று எனக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபரீட்சைக்கு அப்பாவைத் தயார்செய்யும் பொறுப்பைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். மாத்திரை கிட்னியை அரித்துவிடும், அதை எடுத்து அலமாரியில் வை என்றார். போனைத் தள்ளித் தள்ளி ஆவாரம்பூவில் வந்து நின்றார். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார். சாவதாக யாரும் சொல்லவில்லை. அப்பா கப்பலுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போனார். உப்பு மினுங்குகிற ஊரைத் தாண்டினால் கரிசல் மண். தரிசு முழுக்க ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பூக்கிறதற்கு அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை, நல்ல வார்த்தை சொல்லவேண்டியதுமில்லை. பெரியப்பா துண்டை விரிக்க, நான் பறித்துப் பறித்துப் போட்டேன். ஒவ்வொரு பூவும் அப்பாவுக்கு ஒவ்வொரு மார்க் என்று எனக்கு நினைப்பு. கை கசக்கும்வரை பறித்தேன்.

பூவைக் காயவைப்பதில்தான் முதல் குழப்பம் வந்தது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, எதுவும் லேசில் காயாது. பெரியப்பாவுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஈரமான ஒன்றைக் கடற்கரையில் எப்படிக் காயவைப்பது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மொட்டை மாடியில் ஓலைப்பாயை விரித்தார், பூவைப் பரத்தினார், காக்கைக்குப் பயந்து மேலே பழைய வலையை மூடினார், வெயில் ஏற ஏறப் புரட்டிவிட்டார். இரண்டு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. பாய் நெத்திலிக் கருவாடு போட்ட பாய். வலையும் அப்படித்தான்.

முதல் டீயை அப்பா வாயில் வைத்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். கப்பலில் எத்தனையோ பேருக்கு ஆக்கிப்போட்டவர் அல்லவா, பிறர் சமையலைக் குறை சொல்லமாட்டார். கடைசியில், கொஞ்சம் குழம்பு மாதிரி இருக்கிறது என்றார். பெரியப்பா வாங்கி மோந்து பார்த்தார். பூவைத் தூக்கியெறிய அவருக்கு மனசு வரவில்லை. வாசம் போக அதில் என்ன போடலாம் என்று எல்லாரும் யோசித்தோம். அம்மா சுக்குத் தட்டிப் போட்டாள். போகவில்லை. ஏலக்காய் போட்டாள். நெத்திலியும் ஏலக்காயும் சேர்ந்து அது வேறு எங்கோ போயிற்று.

அப்போது பெரியப்பாதான் சொன்னார். “கருப்பட்டி போடு. சீனிதான் விஷம். கருப்பட்டி மருந்தாக்கும்.”

இப்போது நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். பெரியப்பா சொன்ன அதே வாக்கியத்தைத் தினமும் யாராவது ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொல்கிறார். சீனியைத் தொட்டே வருஷக் கணக்காகிறது, எல்லாம் உடன்குடிக் கருப்பட்டிதான், அப்படியும் ஏன் கூடுகிறது என்று கேட்கிறார்கள். பூமேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. செம்பருத்தி ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் தணிக்கலாம் என்கிறார்கள், ஆவாரையிலும் ஏதோ இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் பனையிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் ரத்தத்துக்குள் போனபிறகு சர்க்கரை சர்க்கரைதான். அதற்கு ஊர்ப்பற்று கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் வாடிவிடும். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொன்னதுபோல் பார்ப்பார்கள்.

மறுநாளே பெரியப்பா உடன்குடிக்குப் போய் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்தார். அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். என்னவோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பிறகு, “சரி அத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அதிலிருந்து காலையும் மாலையும் அப்பாவுக்கு ஆவாரம்பூ டீ. அப்பாவின் பித்தளை டம்ளரை எடுத்துப்போய்க் கொடுப்பது என் வேலை. பெரியப்பா எதிரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் பார்க்கிற சார் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார் பாருங்கள், வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை தோற்றுப்போகும். எனக்குப் பாவமாக இருக்கும். பரீட்சைக்காக அவர் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று பெருமையாகவும் இருக்கும். சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மாதாவிடம் ஒன்றேயொன்றுதான் கேட்டேன்: அப்பா பாஸாகிவிட வேண்டும்.

ஒருநாள் டம்ளரைக் கழுவப் போடும்போது அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அப்பா படும் கஷ்டத்தில் பங்கெடுத்துக்கொள்ளலாமே என்று, கண்ணை மூடிக்கொண்டு வாயில் கவிழ்த்தேன். பாயசம்! கிறிஸ்துமஸுக்கு வைக்கிற பாயசம்கூட அவ்வளவு தித்திக்காது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து என்பது பெரியவர்களுக்குக் கசப்பாகவும் சின்னவர்களுக்கு இனிப்பாகவும் இருக்கும் போலிருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அடியில் மிச்சம் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். இருந்ததே இல்லை. அப்பா சுத்தமாகக் குடித்துவிடுகிறவர்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அப்பா மாடியிலிருந்து இறங்கும்போது தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கொடுக்கச் சொம்பு சொம்பாகக் குடித்தார். பெரியப்பா அது வெயில் என்றார். அன்று மாலை அம்மா டீ போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். பூ கொதித்து, வடிகட்டி முடித்து, கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா போடாமலே நின்றாள். அவள் முகம் அழப்போகிற மாதிரி இருந்தது. அப்பா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ரொம்பக் கசக்கா?” என்று அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“கசக்கத்தான் செய்யி. இன்னும் கொஞ்ச நாள்தான?” என்றார் அப்பா. “நீ எப்பவும் போடுதமாரியே போடு.”

அம்மா போட்டாள். எப்போதும் போடுகிறதில் பாதிதான் போட்டாள். மிச்சத்தை உடைத்து எனக்கும் தம்பிக்கும் வாயில் கொடுத்தாள். அந்த வாரத்திலிருந்து அப்பா அதிகாலையில் எழுந்து பீச் ரோடு முழுக்க வேகமாக நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். அதையும் பெரியப்பா பூவின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிட்டது பார் என்றார்.

மறுமெடிக்கல் அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமாக வந்தேன். முன்னறையில் பெரியப்பா நாற்காலியில் இருந்தார். எதிரே அப்பா நின்றுகொண்டிருந்தார். ரிப்போர்ட் மேசைமேல் கிடந்தது. அப்பா பாஸா என்று கேட்டேன். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி போன தடவையைவிடக் கூடியிருந்ததாம். கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டுவிட்டது.

பெரியப்பா ரிப்போர்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கவிழ்த்தும் பார்த்தார். மிஷின் கெட்டிருக்கும் என்றார். கருவாட்டு வாசம் பூவின் சத்தை எடுத்திருக்கும் என்றார். கண்ணேறு என்றார். எல்லாம் சொல்லி முடித்தபின், “சரிலே, உடம்பப் பாரு. அந்த மெஸ்ஸுக்காரன் இன்னும் ஆள் தேடுதானான்னு கேளு” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா அதற்கு முன்பே அடுக்களைக்குள் போயிருந்தாள்.

நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை வாயில் திணித்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அப்பா அவள் பக்கத்தில் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, ரகசியம்போலச் சொன்னார்: “ஏளா, மொத ரெண்டு மாசம் என்னா இனிப்பு போட்ட! மூஞ்சியச் சுளிக்கதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு.”

அம்மா முந்தானையை எடுக்காமலே, “நீங்க அத்தாங்கிட்ட சொல்லிக்குடுத்துருவியன்னு பயந்துக்கிட்டே போட்டேன்” என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. இரண்டு பேரும் மறுபடி குலுங்கினார்கள்.

இவ்வளவு துக்கத்திலும் டீயைப் பற்றியா பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் முன்னறைக்கு ஓடினேன். பெரியப்பா அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல எழுந்து வந்துகொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தேன்.

“உள்ள போவாதிய பெரியப்பா. அம்மாவும் அப்பாவும் அழுதாவ.”

பெரியப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்தார். “நாந்தான் பிந்திட்டேன். பூவ முன்னயே குடுத்துருக்கணும்” என்றார். அவரைப் பார்க்க எனக்கு அப்பாவைவிடப் பாவமாக இருந்தது. அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் டோக்கன் எழுதிக்கொடுக்கிற வேலை பார்த்தவள். கருப்பட்டி சாப்பிட்டுவிட்டு வருகிற ஒவ்வொருவரையும் அந்த டாக்டர் வாங்கு வாங்கு என்று வாங்குவாராம். அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அத்தனையையும் கேட்டிருக்கிறாள். இதை எனக்கு அவள் சொன்னதே போன வருஷம்தான். ரிப்போர்ட் வந்த மறுநாள் காலையிலேயே மாத்திரை அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. கருப்பட்டிக் கொட்டான் மேலே ஏறிவிட்டது. அப்பா இன்றைக்கும் துறைமுக மெஸ்ஸில்தான் சமைக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான்தான் ஊசி குத்திப் பார்க்கிறேன். பெரியப்பாவிடம் நாங்கள் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆவாரம்பூ இல்லாவிட்டால் இந்த அளவுக்குக்கூட இருக்காது என்பது அவர் கட்சி.

அன்றைக்கு இதில் எதுவும் எனக்குத் தெரியாது. பாய் விரித்து எல்லாரும் படுத்தபிறகும், பெயிலாகிவிட்ட அப்பாவை நினைத்து நினைத்து எனக்கு அழுகை வந்தது. மாதா என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபமாகவும் வந்தது. அப்பா என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். தம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு தூங்கினான். இனிமேல் அவர் எப்போதும் இங்கேதான் படுத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.